மேற்கு ஜன்னல் திரைகள், ஹால் விளக்குகள்: பூச்சு வேலைக்கு முன் கம்பியில்லா இயக்கத்துக்கு என்ன செய்து வைப்பது?

நாகமலைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு மேல் ஒரு மாடி எடுத்துக்கொண்டிருக்கிறோம். செங்கல் சுவர் எழும்பித் தளமும் போட்டாகிவிட்டது. இப்போது சுவரை வெட்டிப் பைப் பதிக்கும் வேலை நடக்கிறது; அது முடிந்த கையோடு கொத்தனார் பூச்சைத் தொடங்கிவிடுவார். ஹாலில் மேற்கே பார்த்து மூன்று பெரிய ஜன்னல்கள் வருகின்றன. அம்மாவுக்கு மூட்டுவலி இருப்பதால் ஒவ்வொரு ஜன்னலாக எழுந்து போய்த் திரையை இழுத்துவிட முடியாது. ஆகவே ஜன்னல் திரைகளையும் ஹால், படுக்கையறை விளக்குகளையும் ரிமோட்டிலோ கைபேசியிலோ இயக்கும்படி அமைக்கலாம் என்று எண்ணுகிறேன்.

விசாரித்த இடங்களில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். டவுன்ஹால் ரோட்டுக் கடை ஒன்றில் கேட்டபோது, எல்லாமே வைஃபை என்பதால் வயரே வேண்டாம் என்றார்கள். எங்கள் எலக்ட்ரீஷியனோ வயர் இல்லாமல் மோட்டார் எப்படி ஓடும் என்று சிரிக்கிறார். உடன் பணிபுரியும் நண்பர் ஜிக்பீதான் நல்லது என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர், அங்கே தம் வீட்டில் இருப்பதைப் போன்ற இசட்-வேவ் சுவிட்சுகளை அடுத்த முறை வரும்போது கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். இவற்றுக்குள் அடிப்படை வேறுபாடு என்ன, இணையமோ மின்சாரமோ போனால் இவை என்ன ஆகும், சுவர் பூசுவதற்கு முன் நான் கட்டாயம் செய்து வைக்க வேண்டியது எது என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

அலைவரிசை (விளாங்குடி) எழுதியது:

உங்கள் எலக்ட்ரீஷியன், கடைக்காரர் இருவர் சொல்வதும் சரிதான். ஆனால் இருவரும் பேசுவது வெவ்வேறு வயரைப் பற்றி. மோட்டாருக்கும் விளக்குக்கும் மின்சாரம் வயரில்தான் வந்தாக வேண்டும். ஏறு, இறங்கு, எரி, அணை என்ற கட்டளை போகும் வழி மட்டுமே கம்பியில்லாததாக மாறுகிறது. சுவிட்சுக்குப் பின்னால் பொருத்தும் தீப்பெட்டி அளவு மாட்யூலுக்குள் ஒரு ரேடியோவும் ஒரு ரிலேயும் இருக்கும். ரேடியோ கட்டளையை வாங்கிக் கொடுக்க, ரிலே "டிக்" என்ற ஓசையோடு 230 வோல்ட்டை இணைக்கும் அல்லது துண்டிக்கும். நீங்கள் கேள்விப்பட்ட பெயர்களெல்லாம் அந்த ரேடியோ எந்த அலைவரிசையில், எந்த முறையில் பேசுகிறது என்பதைக் குறிப்பவை.

வைஃபை மாட்யூல் உங்கள் ரவுட்டரோடு நேரடியாகப் பேசும். தனி ஹப் (கருவிகளின் கட்டளைகளை வாங்கிக் கொடுக்கும் நடுப்பெட்டி) தேவையில்லை என்பதால் தொடக்கச் செலவு குறைவு. பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் போட்டு வைத்திருந்தால் மாட்யூலுக்கு அது கண்ணிலேயே படாது. வைஃபை ரேடியோவுக்கு மின்சாரம் அதிகம் வேண்டும் என்பதால் பேட்டரியில் ஓடும் கருவிகளுக்கு அது பொருந்தாது.

ஜிக்பீயும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இருக்கிறது, ஆனால் மிகக் குறைந்த ஆற்றலில், சிறுசிறு செய்திகளாகப் பேசும். நிலையான மின் இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு ஜிக்பீ கருவியும் பக்கத்துக் கருவிக்குச் செய்தியைக் கடத்திவிடும். கட்டட வேலையில் செங்கல் கைமாறி மாடிக்குப் போவதைப் போலக் கட்டளையும் அறை அறையாக நகரும். பேட்டரியில் ஓடும் பொத்தானும் சென்சாரும் இப்படிக் கடத்தித் தரமாட்டா. பெரும்பாலான நேரம் அவை உறக்கத்தில் இருப்பதால்தான் பேட்டரி நீண்ட நாள் தாங்குகிறது. ஆகவே ஹப் கீழ்த்தளத்திலும் பேட்டரிப் பொத்தான் மாடியிலும் இருந்து, இடையில் கடத்துவதற்கு ஒன்றுமே இல்லையென்றால், கான்கிரீட் தளத்தைத் தாண்டிச் செய்தி போவது நிச்சயமில்லை. ஹப்பை மாடி ஹாலிலேயே வைத்து, அறைக்கு ஒரு மாட்யூலாவது மின் இணைப்பில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது.

வைஃபையும் ஜிக்பீயும் ஒரே அலைவரிசையில் நெருக்கியடிப்பதைத் தவிர்க்கவும் வழி உண்டு. அந்த அலைவரிசை சேனல் எனும் சிறு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ரவுட்டரை 1ஆம் சேனலிலும் ஜிக்பீயை 25ஆம் சேனலிலும் நிறுத்தினால் ஒன்று 2412 மெகாஹெர்ட்ஸிலும் மற்றொன்று 2475 மெகாஹெர்ட்ஸிலும் விலகி நிற்கும். ஹப்பை ரவுட்டரின் தலைமேல் வைக்காமல் ஓரிரு அடியாவது தள்ளி வைப்பதும் நல்லது.

இவை தவிர, ஜன்னல் திரை மோட்டார்களோடு வரும் கைரிமோட்டுகளில் பல 433 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவை. அதிர்வெண் குறையக் குறையச் சுவரை ஊடுருவுவது எளிதாகும் என்பதால் ஒரு ஹாலுக்கு இது தாராளமாகப் போதும். குறை என்னவென்றால், இவற்றில் பல ஒருவழிப் பேச்சு. ரிமோட் கட்டளையிடும், ஆனால் திரை உண்மையிலேயே இறங்கியதா, பாதியில் நிற்கிறதா என்று மோட்டார் திருப்பிச் சொல்லாது. கைபேசியில் "மூடியிருக்கிறது" என்று காட்டுவது அந்த ஹப்பின் ஊகம்தான். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி அழுத்துவதற்கு இது போதும். வெளியூரிலிருந்து பார்த்து இயக்கவும், நேரப்படி தானாக நடக்கவும் வேண்டுமென்றால் நிலையைத் திருப்பிச் சொல்லும் இருவழி மோட்டாராக வாங்குங்கள்.

மேட்டர் என்ற பெயரும் காதில் விழும். 2022 அக்டோபரில் அதன் முதல் பதிப்பு வந்தது. அது தனி ரேடியோ அன்று. வைஃபையின் மீதோ திரெட் எனும் குறைந்த ஆற்றல் வலையின் மீதோ ஓடுகிற பொது மொழி. வெவ்வேறு நிறுவனக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக ஏற்பட்டது. ஜன்னல் திரைகள் அதில் தொடக்கத்திலிருந்தே இடம்பெற்றுள்ளன.

கடையில் ஜிக்பீயா வைஃபையா என்று கேட்பதற்கு முன், இணையத்தைப் பிடுங்கிவிட்டால் இது வேலை செய்யுமா என்று கேளுங்கள். சில கருவிகளில் நீங்கள் ஹாலில் நின்று அழுத்தும் கட்டளை எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்பி வந்தால்தான் விளக்கு எரியும். ஃபைபர் அறுந்த அன்றைக்கு அது படுத்துவிடும். கட்டளை வீட்டுக்குள்ளேயே சுற்றி முடியும் கருவியாகவும், சுவரில் உள்ள சாதாரண சுவிட்ச் எந்த நேரமும் வேலை செய்வதாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் அமையாத கருவியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

ஒன்றரை ஸ்கொயர் (திருமங்கலம்) எழுதியது:

நான் வயரிங் வேலை செய்பவன் என்பதால் சுவருக்குள் போக வேண்டியதை மட்டும் சொல்கிறேன். ரேடியோவைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், பூசிய சுவரை மாற்ற முடியாது.

முதலில் நியூட்ரல். மாட்யூலுக்குள் இருக்கும் ரேடியோ விளக்கு அணைந்திருக்கும்போதும் விழித்திருக்க வேண்டும், அதற்கு ஃபேஸும் நியூட்ரலும் இரண்டும் வேண்டும். நம் பக்கம் பெரும்பாலான சுவிட்ச் போர்டுகளில் ஒரு 5 ஆம்பியர் பிளக் பாயிண்ட் இருப்பதால் நியூட்ரல் தானாகவே வந்துவிடும். பிளக் இல்லாத போர்டுகளில்தான், அதாவது மாடிப்படி, பால்கனி, கட்டில் தலைமாட்டு டூ-வே சுவிட்ச் (ஒரே விளக்கை இரண்டு இடங்களிலிருந்து போடுவது) ஆகிய இடங்களில்தான், ஃபேஸை மட்டும் இறக்கிவிட்டுப் போவார்கள். அங்கெல்லாம் ஒரு கறுப்பு வயரைக் கூடுதலாக இறக்கச் சொல்லுங்கள். நியூட்ரல் வேண்டாத மாட்யூல்களும் கிடைக்கின்றன. அவை விளக்கின் வழியாகவே சிறிதளவு மின்சாரத்தை எடுத்துக்கொள்வதால், குறைந்த வாட் எல்இடி விளக்குகள் அணைத்த பிறகும் மங்கலாக மினுக்கும். புது வீட்டில் அந்தத் தொல்லை எதற்கு?

அடுத்தது பெட்டி. சுவருக்குள் பதிக்கும் பெட்டி ஆழமானதாக இருக்க வேண்டும். சுவிட்சும் வயரும் போனபின் மாட்யூல் உட்கார இடம் வேண்டும். தகரப் பெட்டிக்குள் ரேடியோவை அடைத்தால் அலை வெளியே வருவது குறையும் என்பதால், மாட்யூல் வரும் இடங்களில் பிவிசி பெட்டி வைக்கலாம். எதிரில் இரும்பு பீரோ வரும் சுவரையும் தவிர்த்துவிடுங்கள்.

திரை மோட்டாருக்கு ஒவ்வொரு ஜன்னலின் மேல் மூலையிலும் ஒரு பாயிண்ட் வர வேண்டும். உருளைக் குழாய்க்குள் போகும் 230 வோல்ட் மோட்டாருக்கு வழக்கமாக நான்கு வயர்கள்: நியூட்ரல், எர்த், ஏறுவதற்கு ஒரு ஃபேஸ், இறங்குவதற்கு ஒரு ஃபேஸ். இந்த இரு ஃபேஸும் ஒரே நேரத்தில் மோட்டாருக்குப் போனால் அது எரிந்துவிடும். ஆகவே ஒன்று விழும்போது மற்றொன்று தானாகத் துண்டிக்கப்படும் இன்டர்லாக் உள்ள திரை மாட்யூல்தான் வேண்டும். இரண்டு விளக்கு மாட்யூல்களை வைத்து ஒப்பேற்றக் கூடாது. மூன்று ஜன்னலும் சேர்ந்துதானே இறங்கப்போகின்றன என்று மூன்று மோட்டாரையும் ஒரே மாட்யூலில் இணைக்கச் சொல்பவர்களும் உண்டு. அதுவும் தவறு. ஒரு மோட்டார் எல்லையில் நின்றபின் மற்றொன்றின் கம்பிச்சுருள் வழியாக மின்சாரம் திரும்பி வந்து, நின்றதை எல்லை தாண்டி ஓட்டிவிடும். மோட்டாருக்கு ஒரு மாட்யூல் வைத்து, மூன்றையும் சேர்த்து இறக்குவதை ஹப்பில் அமைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் வீட்டில் சொல்லி வையுங்கள். இந்த மோட்டார்கள் தொடர்ந்து ஓடுவதற்கு ஏற்பட்டவை அல்ல. பலவற்றில் 4 நிமிடம்தான் தொடர் ஓட்டத்துக்கு அளவு. குழந்தைகள் ஏற்றி இறக்கி விளையாடினால் சூடேறித் தானாக நின்றுவிடும். பழுதென்று பதற வேண்டாம், சிறிது நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும்.

நாகமலைவாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நியூட்ரல் பற்றி எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். மாடிப்படி போர்டிலும் இரண்டு படுக்கையறைத் தலைமாட்டிலும் இல்லை என்று ஒப்புக்கொண்டு இறக்கித் தருவதாகச் சொல்லிவிட்டார். மைத்துனர் கொண்டுவரும் இசட்-வேவ் சுவிட்சுகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. விளக்குகளை மங்கலாக்கும் வசதியும் வேண்டும்; அதற்கு வயரிங்கில் ஏதாவது மாற்றம் உண்டா? மேலும் பேட்டரி மோட்டார் வாங்கினால் ஜன்னலுக்கு வயரே வேண்டாம் என்று மனைவி சொல்கிறார்.

அலைவரிசை எழுதியது:

மைத்துனரிடம் நயமாகச் சொல்லித் தடுத்துவிடுங்கள். இசட்-வேவ் நல்ல முறைதான். 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே பேசுவதால் செங்கல் சுவரை நன்றாகவே கடக்கும். ஆனால் அதன் அதிர்வெண் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 908.42 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 868.42, நம் நாட்டில் 865.2. அமெரிக்கக் கருவி இங்குள்ள ஹப்போடு பேசாது. அதன் ஹப்பையும் சேர்த்துக் கொண்டுவந்தால் பேசுமே என்றால், அந்த அதிர்வெண் இங்கே கைபேசிச் சேவைக்கு ஒதுக்கப்பட்ட 890 முதல் 915 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்குள் விழுகிறது. உரிமம் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. போதாக்குறைக்கு அந்தச் சுவிட்சுகள் 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை, நம் பெட்டியின் அளவுக்கும் பொருந்தா. இந்தியாவுக்கான இசட்-வேவ் கருவிகள் இருந்தாலும் ஜிக்பீ அளவுக்கு வகை கிடைப்பதில்லை.

மங்கலாக்குவதற்கு மாட்யூல் மட்டும் போதாது, விளக்கும் ஒத்துழைக்க வேண்டும். எல்இடி விளக்குக்குள் மின்சாரத்தை அதற்கேற்ப மாற்றித் தரும் டிரைவர் எனும் பகுதி மங்கலாக்க ஏற்றது என்று அட்டையில் போட்டிருக்க வேண்டும். இல்லாததை டிம்மரில் இணைத்தால் துடிக்கும், ரீங்கரிக்கும், விரைவில் கெட்டும் போகும். எல்லா விளக்குக்கும் இது வேண்டுமா என்று யோசியுங்கள். ஹாலின் ஃபால்ஸ் சீலிங் ஓர விளக்குக்கும் படுக்கையறையில் ஒன்றுக்கும் போதும். சமையலறையிலும் குளியலறையிலும் மங்கலாக்கி யாரும் பார்த்ததில்லை.

ஸ்மார்ட் பல்பு வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். ரேடியோ பல்புக்குள்ளேயே இருக்கும். யாராவது பழக்கத்தில் சுவர் சுவிட்சை அணைத்தால் பல்பு உயிரிழந்துவிடும், பிறகு கைபேசியில் எவ்வளவு தட்டினாலும் பயனில்லை. அது ஜிக்பீ பல்பாக இருந்தால், அதன் வழியாகப் பேசிக்கொண்டிருந்த பொத்தானும் சேர்ந்து ஊமையாகும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் சுவிட்சுக்குப் பின்னால் மாட்யூல் வைப்பதே பொருத்தம். அவர்கள் வழக்கம்போல் சுவிட்சைப் போடலாம், நீங்கள் கைபேசியில் போடலாம்.

சாய்வெயில் (கே.கே.நகர்) எழுதியது:

கட்டட வடிவமைப்பில் இருப்பவன் என்ற முறையில் ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டாருக்குப் பணம் போடும் முன் அந்தத் திரை எதைத் தடுக்கப்போகிறது என்று பார்க்க வேண்டும். மதுரை ஏறத்தாழ 9.9 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு நேராக நிற்கும். அக்னி நட்சத்திர நாட்களில் உச்சியைத் தாண்டிச் சற்று வடக்கே போய்விடும். உச்சிவெயிலைச் சுவரும் சன்ஷேடும் பார்த்துக்கொள்ளும். சிக்கல் மாலைச் சாய்வெயில்தான். மே மாதத்தில் மாலை 5 மணிக்குச் சூரியன் தொடுவானிலிருந்து 20 பாகை உயரத்தில்தான் இருக்கும். ஜன்னலுக்கு மேலே 2 அடி சன்ஷேடு நீட்டியிருந்தாலும் அதன் நிழல் கண்ணாடியின் மேல்பகுதியில் முக்கால் அடிக்கு விழும், அவ்வளவே. ஆகவே உங்கள் ஹாலுக்குத் திரை கட்டாயம் வேண்டும், அது பிற்பகல் 3 மணி வாக்கில் இறங்க வேண்டும்.

ஆனால் கண்ணாடிக்கு உட்புறம் தொங்கும் திரை ஒளியைத்தான் நன்றாகத் தடுக்கும், வெப்பத்தை அவ்வளவாகத் தடுக்காது. வெயில் கண்ணாடியைக் கடந்து திரையைச் சுடவைத்தபின் அந்தச் சூடு அறைக்குள்தான் பரவும். நம் ஊர்த் திண்ணைகளிலும் வராந்தாக்களிலும் மூங்கில் தட்டியை வெளிப்பக்கம் தொங்கவிட்டதற்குக் காரணம் இதுதான். வெளிப்புறத் திரைக்கும் மோட்டார் உண்டு. ஆடிக் காற்றில் துணி படபடத்துக் கிழியாமல் இருக்க இரு பக்கமும் தண்டவாளத்துக்குள் ஓடும் வகையாகப் பார்க்க வேண்டும்; காற்று மிகுந்தால் தானாக ஏற்றிவிடும் சென்சாரையும் இணைக்கலாம். மூன்று ஜன்னலுக்கும் செலவு தாங்காதென்றால் அம்மா உட்காரும் இடத்துக்கு நேரான ஜன்னலுக்கு மட்டும் வெளிப்புறத் திரையும், மற்ற இரண்டுக்கும் வெளிர்நிற உட்புறத் திரையும் போடுங்கள். வெளியே வரும் திரைக்கு மின் பாயிண்டும் வெளிப்புறச் சுவரில் வேண்டும், இப்போதே சொல்லி வைக்க வேண்டும்.

பேட்டரி மோட்டார் கெட்டதல்ல. வாடகை வீட்டுக்கும் பூச்சு முடிந்த வீட்டுக்கும் அதுதான் வழி. ஆனால் அதற்கும் சார்ஜ் ஏற்ற வேண்டும். உயரத்தில் இருக்கும் மோட்டாருக்கு ஏணி போட்டு வயர் செருகுவது யார்? சுவர் திறந்து கிடக்கும்போது வயர் இழுப்பதுதான் சிக்கனம்.

நேரப்படி இயக்குவது பற்றியும் மேலே பேச்சு வந்தது. சூரியன் மறையும் நேரத்தைக் கணக்கிட்டு மாற்றும் வசதியை விளம்பரத்தில் பெரிதாகச் சொல்வார்கள். வடநாடுகளில் அது கோடைக்கும் குளிருக்கும் பல மணி நேரம் மாறும். இங்கே ஆண்டு முழுவதும் சுமார் 5.55 மணிக்கும் 6.40 மணிக்கும் இடைப்பட்டதுதான் அந்தி. சாதாரண கடிகார நேரமே நமக்குப் போதும்.

மேலூர் வாசகர் எழுதியது:

எல்லாரும் ஜிக்பீ என்று சொல்லும்போது ஒரு மாற்றுக் குரல். எங்கள் சிறிய வீட்டில் வைஃபை மாட்யூல்களை மட்டுமே வைத்திருக்கிறோம், குறையொன்றும் இல்லை. ஒன்றே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ரவுட்டரை மாற்றினால் பழைய வலைப்பெயரையும் கடவுச்சொல்லையும் புதியதிலும் அப்படியே வைக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு மாட்யூலையும் மறுபடி இணைக்க நேரிடும். நாலைந்து கருவிகளுக்காக ஹப் வாங்குவது தேவையற்ற செலவென்றே நான் கருதுகிறேன்.

அலைவரிசை எழுதியது:

நாலைந்து கருவி என்றால் நீங்கள் சொல்வது சரியே. இவர் மூன்று திரை, ஒரு மாடி விளக்குகள், பேட்டரிப் பொத்தான்கள் என்று திட்டமிடுவதால்தான் ஜிக்பீயைச் சொன்னேன். அம்மாவின் நாற்காலிக் கையில் ஒட்டிவைக்கும் பொத்தான் வைஃபையில் சரிப்படாது. வைஃபை என்றாலும் ஜிக்பீ என்றாலும், ரவுட்டரோடு வந்த கடவுச்சொல்லை மாற்றிவிடுவதும், விருந்தினருக்கான தனி வலையில் இந்தக் கருவிகளை ஒதுக்கி வைப்பதும் நல்லது.

ஒன்றரை ஸ்கொயர் எழுதியது:

மின்தடை பற்றிக் கேட்டிருந்தீர்கள், விடுபட்டுப் போயிற்று. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தினால் பிற்பகல்வரை வராது என்பது நமக்குத் தெரிந்ததே. ரவுட்டர், ஹப், மாட்யூல் உள்ள விளக்குகள் மூன்றும் ஒரே இன்வெர்ட்டர் லைனில் வர வேண்டும். விளக்கு இன்வெர்ட்டரிலும் ஹப் வெளியேயும் இருந்தால் சுவிட்ச் மட்டுமே மிஞ்சும். திரை மோட்டாரையும் அந்த லைனில் கொடுப்பதென்றால் இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக, அதாவது மின்வாரிய மின்சாரத்தைப் போலச் சீரான அலையைத் தருவதாக, இருக்கட்டும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் மின்விசிறி உறுமுவதைக் கேட்டிருப்பீர்கள், மோட்டாருக்கும் அது ஆகாது. மின்சாரம் திரும்பியதும் விளக்கு எரிய வேண்டுமா, அணைந்தே இருக்க வேண்டுமா, முன்பிருந்த நிலைக்குப் போக வேண்டுமா என்று மாட்யூலில் ஒரு அமைப்பு இருக்கும். படுக்கையறைக்கு அதை "முன்பிருந்த நிலை" என்று வைக்காவிட்டால் நடுஇரவில் கரண்ட் வந்ததும் எல்லா விளக்கும் பளீரென்று எரியலாம்.

சாய்வெயில் சொன்ன வெளிப்புறத் திரையை இப்போது வாங்காவிட்டாலும் அந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு வெற்றுப் பைப்பையாவது பதித்து, உள்ளே இழுகம்பி ஒன்றைப் போட்டு வையுங்கள். பைப்பின் வாயைக் காகிதத்தால் நன்றாக அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் பூசும்போது கலவை உள்ளே இறங்கிவிடும். கொத்தனார் வருவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவோடு படம் பிடித்து வைத்துக்கொண்டால், பின்னால் திரைக்கு ஆணி துளையிடும்போது பைப் எங்கே போகிறதென்று தேட வேண்டியிருக்காது.